பாணர் குலத்துப் பெண்ணும் பன்னீர்ச் செம்பும்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், இன்று இராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் சிற்றூருக்குத் தேவார காலத்தில் எருக்கத்தம்புலியூர் என்று பெயர். வெள்ளெருக்கைத் தல விருட்சமாகக் கொண்ட அவ்வூர்ச் சிவாலயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் என்றும், ஞானசம்பந்தப் பிள்ளையாரோடு தலந்தோறும் சென்று அவர் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் அப்பாணர் என்றும், அவருடைய மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் சென்றார் என்றும் அறிந்திருப்பார்கள். அவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே அதை எடுத்துச் சொல்லுகிறவர்கள் குறைவு.

தில்லையில் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து தேவார ஏடுகள் மீட்கப்பட்ட வரலாற்றை, உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்லுகிறது. சோழ அரசன், காட்டுமன்னார்கோயிலுக்கு அருகேயுள்ள திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பியைத் துணைக்கொண்டு தில்லைக்கு வந்து, செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை எடுத்து, அவற்றைத் திருமுறைகளாக வகுக்கச் செய்தான் என்பது எல்லோரும் அறிந்த பகுதி. அதற்குப் பின்னரே உண்மையான சங்கடம் எழுந்தது. சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. ஏட்டைப் படிக்கலாம், பாடுகிற முறையைச் சொல்லுவாரில்லை. அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குச் சென்று இறைவனை வேண்டி நிற்க, யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்திக்கே அந்த வித்தை அருளப்பட்டிருக்கிறது என்று அசரீரி எழுந்ததாகவும், அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவள் வாயிலாகவே இன்ன பதிகத்துக்கு இன்ன பண் என்று நிச்சயிக்கப்பட்டதாகவும் புராணம் கூறுகிறது.

புராணத்தை அப்படியே சரித்திரமாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதமல்ல. அரசன் இருந்தான், நம்பி இருந்தார், தில்லைவாழ் அந்தணர் இருந்தனர், இருந்தும் பண் விஷயத்தில் முடிவான வார்த்தை ஒரு பெண்ணுடையது என்று சொல்லிக்கொள்ளுவதில் அந்தப் புராணத்தைச் செய்தவருக்கும் அதைப் போற்றிப் படித்தவர்களுக்கும் கூச்சம் இருக்கவில்லை என்பதே என் மனத்தில் நிற்கிறது. அவளுடைய பெயரை மட்டும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. பாணர் வழிவந்த ஒருத்தி என்பதோடு விட்டுவிட்டார்கள். பின்னர் எத்தனையோ நூற்றாண்டுகள், அவள் வகுத்துக் கொடுத்த பண்களைக் கோயில்களில் ஆடவரே ஓதினர். சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021ஆம் ஆண்டு ஒரு பெண் ஓதுவார் நியமனம் பெற்றபோது, பத்திரிகைகள் அதை ஓர் அபூர்வமாக வெளியிட்டன. தனக்கு வழிகாட்டியவளையே மறந்துவிட்ட ஒரு மரபுக்கு அவளுடைய மகள் வந்து நிற்பது அபூர்வமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நம்முடைய பெண்களுக்கு நாம் எதைக் கொடுத்திருக்கிறோம், எதைக் கொடுக்கவில்லை என்று எண்ணிப் பார்க்கும்பொழுதெல்லாம் இந்தக் கதைக்கே திரும்பி வருகிறேன். பெண் பாடலாம், ஆடலாம், படிக்கலாம், பட்டம் வாங்கலாம், பத்திரிகையின் அட்டையில் சிரிக்கலாம். இவற்றையெல்லாம் தடுப்பவர்கள் இன்று அதிகமில்லை. ஆனால், சபை நடுவில் அமர்ந்து இது சரி, இது பிழை, இது இன்ன தாளத்தில் போக வேண்டும் என்று நிர்ணயம் செய்கிற ஸ்தானம் ஒன்று இருக்கிறதே, அதன் அருகில் அவள் வரும்பொழுதுதான் நம் முகம் மாறுகிறது. அந்த மாற்றம் வசையாக வெளிப்படுவது அரிது. பெரும்பாலும் அது ஒரு நல்ல வார்த்தையாகவும், ஒரு பாராட்டாகவும், ஒரு வழக்கமாகவும் உருவெடுத்து வருகிறது. ஆகையால்தான் அதைச் சுட்டிக்காட்டுவதும் கடினமாகிறது.

நான் பல ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவள். ஆண்டு விழாக் காலங்களில் தவறாமல் காணும் காட்சி ஒன்றுண்டு. சிறப்பு விருந்தினர் கார் வாசலில் வந்து நிற்கும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே, எட்டாம் வகுப்புப் பெண்கள் பட்டுப் பாவாடை தாவணியில் இரு வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பார்கள். ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம், ஒருத்தி கையில் கற்கண்டும் ரோஜாப்பூவும் வைத்த தட்டு, முதலில் நிற்பவள் கையில் பன்னீர்ச் செம்பு. ஒரு பள்ளியில் அந்தப் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று மேடையில் வாசிக்கப்பட்ட வரவேற்புரையை எழுதியவளே அவள்தான். வாசித்தவன் ஒரு பையன். அவனுக்குக் கணீரென்ற குரல் என்றார்கள். வாசலில் நிற்க ஒரு லட்சணமான பெண் வேண்டுமென்றார்கள். மேடையில் அவன் “இலக்கியச் செல்வர்” என்பதை ஒற்று விழுங்கிப் படித்தபொழுது, வாசலில் நின்றிருந்த அந்தக் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டது. விருந்தினர் மேல் தெளித்தது போக மீதியிருந்த பன்னீர் அவள் தாவணியில் சிந்தி, தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் பெண்களை இழிவாக நடத்தினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. படிப்பிலும் பரிசிலும் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. யார் எழுதுவது, யார் பேசுவது என்பதில் மட்டும் ஒரு தீர்மானம், எவரும் கூடித் தீர்மானிக்காமலேயே நடந்துவிட்டது.

பாடப் புத்தகங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. அடுப்படியில் அம்மா, நாற்காலியில் செய்தித்தாளோடு அப்பா என்ற சித்திரத்தைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை நம்முடையது; இப்போது வரைகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். சித்திரம் மாறிய பிறகும் எஞ்சியிருப்பது, சரித்திரத்தைச் சொல்லுகிற முறை. கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிப் பல போராட்டங்களில் நின்று, 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரிய சத்தியாக்கிரகத்தில் தம் சிறு மகளோடு கலந்துகொண்டு சிறை புகுந்து, 1937இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரைப் பற்றிக் குழந்தைகளைப் பேசச் சொல்லிப் பாருங்கள். கர்ப்பிணியாகச் சிறை சென்று, பிரசவத்துக்காக வெளியே வந்து, கைக்குழந்தையோடு மறுபடி சிறை சென்ற தாய் என்பதைக் கண்ணீர் மல்கச் சொல்லுவார்கள். அது சொல்லத் தக்கதே. ஆனால், சட்டசபையில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட பெண் என்பதை ஒருவர்கூட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தியாகத்தை நாம் மனமுவந்து அவர்களுக்குக் கொடுக்கிறோம், அதிகாரத்தைக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

என் அக்காள் மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து மிருதங்கம் பயிலுகிறாள். சென்ற தை மாதத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது, உடன் போயிருந்தேன். அவள் ரவையை நீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் வைத்து, பெருவிரலால் வட்டமாக அழுத்தி, ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டி, பிறகு வலந்தலையைத் தம்பூராவுக்குச் சேர்க்கக் கல்லால் வார்ப் பக்கம் சிறுகச் சிறுகத் தட்டிக்கொண்டிருந்தபொழுது, மண்டபத்து மேற்பார்வையாளர் வந்து, “ஏம்மா, மிருதங்கக்காரர் இன்னும் வரலையா?” என்று அவளையே கேட்டார். “நான்தாண்ணே” என்றாள். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு போய்விட்டார். அதை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. கச்சேரி முடிந்ததும், முன் வரிசையில் இருந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்ட ஒரு பெரியவர், உண்மையான சந்தோஷத்தோடு எழுந்து வந்து, “பொம்பளப் புள்ள வாசிச்ச மாதிரியே இல்லம்மா, ஒரு ஆம்பள உக்காந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு” என்று ஆசீர்வதித்தார். அவள் குனிந்து நமஸ்கரித்தாள்.

பஸ்ஸில் வரும்பொழுது வெகுநேரம் பேசாமல் இருந்தவள், செம்மண்டலம் தாண்டியதும், “சித்தி, தனியில மிஸ்ர நடையிலருந்து திரும்பி வர்றப்போ ஒரு இடத்துல அவசரப்பட்டுட்டேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கும், தாளம் போட்டுக்கிட்டுதானே இருந்தாரு. அதைச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பிழையைச் சொல்லுகிற ஒரு வித்வானின் காது. கிடைத்ததோ பிழையையெல்லாம் மன்னித்துவிட்ட ஒரு வியப்பு. ஒரு பையன் அந்த இடத்தில் அவசரப்பட்டிருந்தால், “தம்பி, அந்த இடம் கொஞ்சம் ஓடிப் போச்சு, கவனிச்சுக்கோ” என்று அதே பெரியவர் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தின் மூலம் அவன் வித்வான்களின் வரிசையில் சேர்க்கப்பட்டிருப்பான். வியந்து பாராட்டப்பட்டவள் வரிசைக்கு வெளியிலேயே நிற்கிறாள்.

சங்கீத உலகத்தின் சரித்திரம் நெடுகிலும் இந்த வேற்றுமையைப் பார்க்கலாம். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கிற்று. ‘சங்கீத கலாநிதி’ என்ற அதன் பட்டம் வெறும் கௌரவமன்று, அதைப் பெறுகிறவர் அவ்வாண்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்து, இராக லட்சணங்களைப் பற்றிய சர்ச்சைகள் நடக்கும் சபையில் நடுநாயகமாக அமர வேண்டும். அந்த ஆசனத்தில் முதன்முதலாக ஒரு பெண் அமர்ந்தது 1968இல், எம். எஸ். சுப்புலட்சுமி. அடுத்தவர் டி. கே. பட்டம்மாள், 1970இல். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் பெண்கள் பாடாமலா இருந்தார்கள்? வீணை தனம்மாளின் வீட்டு வெள்ளிக்கிழமை வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே காத்துக் கிடந்தார்கள்; அவர் 1938இல் மறையும்வரை அந்த ஆசனம் அவரைத் தேடி வரவில்லை. பட்டம்மாளோ, பெண்களுக்கு எட்டாதது என்று கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியைக் கச்சேரி மேடையில் விஸ்தாரமாகப் பாடிக் காட்டியவர். பல்லவி என்பது குரலின் இனிமையை மட்டும் நம்பிப் பாடுகிற உருப்படியல்ல. கணக்கு அது, புத்தியின் ஆட்சி அது. அங்கேதான் ‘பெண்களுக்கு வராது’ என்ற சொல் அவ்வளவு காலம் காவல் நின்றது. பாலக்காடு மணி ஐயர் போன்ற மகா வித்வானும் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்ற நியமத்தை நெடுங்காலம் கொண்டிருந்து, பிற்காலத்திலேயே பட்டம்மாளுக்கு வாசிக்க இசைந்தார். அவருடைய வித்தையின் மேல் எனக்குள்ள பக்தி இதனால் குறையவில்லை. ஆயினும் அந்த நியமத்தால் எத்தனை பெண்களின் லய ஞானம் உரம் பெறாமல் போயிற்று என்ற கேள்வியை அந்தப் பக்தி அடக்கிவிடவும் கூடாது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் எழுந்தபொழுதே இசைக்கு அங்கே இடம் கொடுத்தவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சபேசையர், பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் என்று அதற்குத் தலைமை தாங்கிய மேதைகளின் பெயர்களைச் சொல்லும்பொழுதே இந்த ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு நிமிரும். அந்த ஆதி வரிசையில் ஒரு பெண் பெயர் இல்லாததைக் குறையென்று சொல்லவும் அந்நாளில் எவருக்கும் தோன்றியிராது. அக்காலத்துத் திருவையாற்றில் நிகழ்ந்ததையும் நினைத்துப் பாருங்கள். தியாகராஜ சுவாமிகளின் சமாதி பாழடைந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு நிலத்தை வாங்கி ஆலயம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்த ஆலயத்தில் நடந்த ஆராதனையிலே பாடுவதற்குப் பெண்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டி, 1927 முதல் தனியாக ஓர் ஆராதனையை நடத்தினார். பிரிந்து கிடந்த கட்சிகள் கூடி, பெண்களும் பாடுகிற ஒரே விழாவாக ஆக மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன. அதே அம்மாள், முத்துப்பழனி என்ற தஞ்சாவூர் அரசவைப் பெண்கவி தெலுங்கில் செய்த சிருங்கார காவியத்தைப் பதிப்பித்தபொழுது, ஆபாசம் என்று சொல்லி அரசாங்கம் அதைத் தடை செய்தது. ஆண் கவிகள் அதைவிடப் பச்சையாகப் பாடியவை புலவர் வீடுகளில் தடையின்றிக் கிடந்தன. சிருங்காரம் என்னவென்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒரு பெண் எடுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1947இல்தான் அந்தத் தடை நீங்கிற்று.

லய வாத்தியங்களிலே நிலைமை இன்னும் கடுமை. கொள்ளிடத்துக்கு அப்பால், நமக்கு அண்டை ஊரான மயிலாடுதுறையில் 1957இல் பிறந்த சுகன்யா ராம்கோபால், கடம் வாசிக்க விரும்பியபொழுது பெண்ணின் கைக்கு அது கடினம் என்ற சொல்லைத்தான் முதலில் கேட்டார். விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா பிடிவாதமாக நின்று அவருக்கு வித்தையைக் கற்றுக் கொடுத்தார். தேர்ச்சி பெற்று மேடைக்கு வந்த பிறகு, கடம் வாசிக்கப் போவது ஒரு பெண் என்று தெரிந்ததும் மிருதங்க வித்வான் ஒருவர் வாசிக்க மறுத்துவிட, கச்சேரி நின்றுவிடக் கூடாதே என்று இவர் விலகிக்கொண்ட சம்பவத்தை அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் பெண்களையே கொண்ட தாள வாத்தியக் குழு ஒன்றை அமைத்து, தாமே அதற்குத் தலைமை ஏற்றார். மதுரை எம். எஸ். பொன்னுத்தாயின் கதை வேறுவகை: நாதஸ்வரத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த அந்த அம்மையாருக்கு, கணவர் காலமான பின், மங்கள வாத்தியத்தைக் கைம்பெண் வாசிக்கலாகாது என்று அழைப்புகளே நின்றுவிட்டன. மூச்சு அதே மூச்சு, சீவாளி அதே சீவாளி. வாத்தியத்தின் மங்களத்தை அவர் நெற்றியில் தேடினார்கள். சங்கீத கலாநிதி ஆசனத்திலோ, மிருதங்க வித்வான்கள் சிலர் அமர்ந்த பின்னும், லய வாத்தியம் வாசிக்கிற பெண் எவரும் இன்னும் அமரவில்லை.

தில்லை நடராஜர் கோயில் கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அவற்றில் ஆடுகிறவள் பெண். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திரத்தின் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு சிற்பமும் சாஸ்திரத்துக்கு ஓர் உரையாகவே நிற்கிறது. டாக்டர் பத்மா சுப்பிரமணியம் இக்கரணங்களை ஆராய்ந்து, அவை அசையாத தோற்றங்களல்ல, அசைவின் அலகுகள் என்று நிலைநாட்டினார். கல்லில் ஆடியவள் பெண் என்பதில் வியப்பில்லை. அந்தக் கல்லுக்குப் பொருள் சொன்னவரும் பெண் என்பதில்தான் எனக்கு நிறைவு. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி, சிவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் நடந்து வருகிறது. கூட்டம் மேடையின் நடுவைப் பார்க்கும். நானோ இப்பொழுதெல்லாம் மேடையின் ஓரத்தையே பார்க்கிறேன். கே. ஜே. சரசா போன்றவர்கள் நட்டுவாங்கத் தாளத்தைக் கையிலெடுத்து வழி திறந்த பிறகு, ஜதி சொல்லி ஆட்டுவிக்கிற பெண்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்தாற்போல் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் இன்றைக்கும் ஆடவரே.

இனி எழுத்துலகத்துக்கு வருகிறேன். கடலூருக்கு வாய்த்த ஒரு பேற்றை எண்ணிப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். 1934இல் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன் பிறந்தார். கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இரண்டு இடங்கள். இருவரும் அகலிகையைத் தொட்டார்கள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ என்ற கதையில், இராமனால் சாபம் நீங்கிய அகலிகை, வனவாசம் முடிந்து வந்த சீதையின் வாயிலாக அக்கினிப் பரீட்சையைப் பற்றிக் கேள்விப்படுகிறாள். தன்னை மன்னித்தவன் அவளைச் சோதித்தானா என்று அவள் உள்ளம் கொதிக்கிறது. கடைசியில் அவள் மறுபடி கல்லாகிறாள். இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் அகலிகைக்காக இரங்குவார்கள். நானோ அவளை ஒரு நியாயாதிபதியாகப் பார்க்கிறேன். ஆயிரம் ஆண்டுகளாகத் தீர்ப்புக் கேட்டுக்கொண்டே நின்றவள், அன்று ஒரு தீர்ப்புச் சொன்னாள்; சொல்லப்பட்டவன் இராமன்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரி மாணவி, ஒரு காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். ஒண்டுக்குடித்தனத்தின் அண்டை அயலார் என்னவென்று எட்டிப் பார்த்ததும், மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, மகளை உட்கார வைத்துக் குடம் குடமாகத் தலையில் நீரைக் கொட்டி, அகலிகையின் பெயரையும் நினைவுகூர்ந்து, நீ பரிசுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். கதை வெளிவந்ததும் கண்டனங்கள் குவிந்தன. கதையை மாற்றி எழுதிக் காட்டியவர்களும் உண்டு. அந்தச் சினம் கற்பைப் பற்றியது என்றே இன்றுவரை பேசுகிறோம். என் அபிப்பிராயம் வேறு. அந்தத் தாய் மகளை மன்னித்ததைவிட, மகனைக் கேட்காமல், ஊரைக் கேட்காமல், சாஸ்திரம் தெரிந்த எவரையும் கேட்காமல், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு விசாரணையையும் தீர்ப்பையும் தானே முடித்துவிட்டாளே, அதுதான் வாசகர்களைத் தூங்கவிடவில்லை. அதே தாய் அலறியது அலறியபடியே ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே பின்னர் ஒரு நாவலாக எழுதினார்: 1970இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, 1972க்கான சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது. அதில் தீர்ப்பு அண்ணன் கைக்குப் போகிறது. அவன் தங்கை கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா அவளைப் படிக்க வைக்கிறார். கங்கா பட்டம் பெற்று, பெரிய உத்தியோகத்தில் அமர்ந்து, கை நிறையச் சம்பாதிக்கிறாள். அத்தனைக்குப் பிறகும் அவள் யார் என்று நிர்ணயிக்கிற உரிமையை அந்த மாமாவே வைத்துக்கொண்டிருக்கிறார், அவர் பார்வையும் பரிசுத்தமானதாக இல்லை. பெண்ணைப் படிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்த நாவலை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும்.

இவ்விருவரும் மகத்தான எழுத்தாளர்கள், ஆயினும் ஆண்கள். பெண்ணே எழுதிப் பெண்ணே தேர்ந்து பதிப்பித்தது நம் மொழியில் புதிதல்ல. பள்ளிக்கூடம் சென்றறியாத வை. மு. கோதைநாயகி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’யின் ஆசிரியராக இருந்து, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களையும் எழுதினார். ஆசிரியர் நாற்காலி என்பது எது அச்சேறும், எது திரும்பும் என்று தீர்மானிக்கிற இடம். அவரை இலக்கிய வரலாறுகள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. ராஜம் கிருஷ்ணன் 1973இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றபொழுதுதான், தமிழில் அதைப் பெற்ற முதல் பெண்மணி என்ற பெயர் ஒருவருக்கு வந்தது. உப்பளத்துக்கும் மீனவர் குடிசைக்கும் நேரில் போய்த் தங்கி எழுதிய அவரையும் ‘பெண் எழுத்தாளர்’ என்ற தனி அலமாரியில் வைத்தார்கள்.

சினிமாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடிவிராது, ஒன்று மட்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த அதே வாரங்களில், பெண்களை இழிவுபடுத்திய ‘பீப் பாட்டு’ ஒன்று வெளிப்பட்டு, மாதர் சங்கங்கள் தெருவில் இறங்கி, போலீஸ் வழக்கு வரை போயிற்று. போனது நியாயமே. ஆனால், வசையை எதிர்க்கத் தெரிந்த நமக்கு வாழ்த்தை எதிர்க்கத் தெரியவில்லை. அடக்கமே அழகு என்றும், படித்த திமிர் பெண்ணுக்கு ஆகாது என்றும், கதாநாயகன் ஒரு சொல் சொன்னதும் உடையை மாற்றிக்கொண்டு வருவதே திருந்திய பெண்ணின் லட்சணம் என்றும் இனிய இராகங்களில் போதித்த பாட்டுகளும் காட்சிகளும் எத்தனை! அவற்றைத் தாலாட்டாகவே பாடி நம் பெண்களைத் தூங்க வைத்திருக்கிறோம். நான் அறிய, இந்தப் பகுதிக்கு உரிய ஒரு நல்ல விதிவிலக்கும் சினிமாவிலேயே உண்டு. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில், தில்லைத் தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனாராகவே நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். யார் எங்கே நிற்கலாம் என்பதைப் பற்றிய கதையில், ஆணின் வேடத்தில் ஒரு பெண் நின்று, வேதியராக வந்த மகாராஜபுரம் விசுவநாத ஐயருக்கு எதிரில் தன் குரலை வைத்தார்.

எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பது வழக்கம். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா என்ற தலைப்பு எத்தனை முறை மாறி மாறி வந்திருக்கிறதோ! பேசுகிற அணிகளில் பெண்கள் உண்டு. பாரதி பாஸ்கரையும் பர்வீன் சுல்தானாவையும் தொலைக்காட்சியில் கேட்டு வளர்ந்த பெண்கள், ஆடவரை அயரவைக்கும்படி பேசுகிறார்கள். நடுவர் மட்டும் ஆண்டுதோறும் ஓர் ஆடவர். அவர் பெண்களின் பேச்சுக்கிடையே மனைவியரைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லுவார். எதிரே பாயில் அமர்ந்திருக்கும் மனைவியரே சிரிப்பார்கள். இறுதியில் அவர் தீர்ப்பு வழங்குவார். இவ்வாண்டு ஏற்பாட்டுக் கூட்டத்தில், நடுவராக ஒரு பெண்ணை அழைக்கலாமே என்றேன். செயலாளர் நல்ல மனிதர், என்னிடம் மரியாதை உள்ளவர். “டீச்சர், நீங்க சொன்னா சரிதான். ஆனா நடுவர்னா ஒரு கம்பீரம் வேணும்ல? கூட்டம் அடங்கணும்ல?” என்றார். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிற பெண்கள் இந்தத் தெருவிலேயே எத்தனை பேர் என்று அவரையே எண்ணச் சொன்னேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரின் பெயரைத் தாமே சொன்னார். தலைப்பையும் அந்த அம்மையாரே தேர்ந்துகொள்ளட்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்குக் கமிட்டி இன்னும் இசைவு தரவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறார்கள். அக்காள் மகளையும் அன்று வரச் சொல்லியிருக்கிறேன். பட்டிமன்றத்துக்கு முன் நடக்கும் பாட்டுக் கச்சேரிக்கு மிருதங்கம் யார் என்ற பேச்சும் அன்றைக்குத்தான்.